பிளஸ் ஒன்னிலேயே கொடுங்கள்

திருச்சுழி பக்கத்துக் காலனி ஒன்றில் பிளஸ் டூ படிக்கும் தங்கை ஒருத்தி போன மாதம் கைப்பேசியை நீட்டிக் கேட்டாள்: "அக்கா, இது ஐஐடி படிப்பாம். பரீட்சை எழுத இப்பவே பணம் கட்டணுமாம். கட்டவா, வேணாமா?" அப்பாவுக்குச் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. மழை பிடித்துக்கொண்டால் மூட்டமும் இல்லை, கூலியும் இல்லை. என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

அவள் காட்டியது சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு. இதற்கு ஜேஇஇ தேவையில்லை. பதினோராம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதியவர்களே தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம், பிறகு மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு. தேறினால் பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். சேர்ந்தபின் பாடத்துக்குப் பாடம் கிரெடிட். முதல் கட்டத்தில் 8 பாடங்கள், 32 கிரெடிட். நம் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. (ஐஐடிகளில் நம் ஆட்கள் எத்தனை பேர் பேராசிரியர்கள் என்ற கேள்வியை நான் விட்டுவிடவில்லை. அது தனிச் சண்டை.)

மிச்சக் கால் பங்கை யார் கட்டுவது? இந்தப் படிப்பில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களைச் சேர்க்க 2023-இல் தாட்கோ முன்வந்தது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கதவு பிளஸ் டூ முடித்தவர்களுக்குத்தான். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் கல்லூரிக்குள் கால் வைத்த பிறகே வருகிறது. எங்கள் வானம் பார்த்த பூமியில் பிள்ளைகள் கைநழுவிப் போவது அதற்கு முன்னால். தேர்வு முடிந்த மறுவாரமே நூற்பாலை வேனும் பட்டாசு ஆலை வேனும் தெருமுனையில் வந்து நிற்கின்றன. கல்லூரி விண்ணப்பம் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

பள்ளியில் இருக்கும்போதே ஐந்தாறு கல்லூரிக் கிரெடிட் கையில் இருந்தால், ஒரு வருஷம் மில்லுக்குப் போன பெண்ணும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அரசுக் கல்லூரிப் பாடங்களைப் படிக்கக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் பொதுப்பணமே ஏற்கிறது. இந்தியாவில் 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு பள்ளிக் கல்வியையும் கிரெடிட் கணக்குக்குள் கொண்டுவந்தது. ஆனால் பணம் யார் தருவது என்பதற்கு அதில் விடை இல்லை. அப்படியே விட்டால் பலன் மதுரையின் சிபிஎஸ்இ பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான்.

தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்காததை நானும் ஆதரிக்கிறேன். முதலாண்டிலேயே சான்றிதழ் கொடுத்து வெளியேறச் சொல்லும் ஏற்பாட்டில் முதலில் வெளியேறப்போவது யாரென்று நமக்குத் தெரியும். ஆனால் பிளஸ் ஒன்னில் கல்லூரிப் பாடம் படிப்பது வெளியேறுவதல்ல, நேரத்தோடு நுழைவது. அதை மாநில அரசே தன் கல்லூரிகளைக் கொண்டு நடத்தலாம். அருப்புக்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை.

புதிதாக நிதி தேட வேண்டியதும் இல்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பதினோராம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த 1944-இல் உருவான திட்டம் அது. இப்போது ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 விழுக்காடு. வருமான வரம்பு 2.5 லட்சம். அதோடு 2024-இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டமும் கையில் இருக்கிறது. தகுதித் தேர்வுக் கட்டணம், தேர்வு மையத்துக்குப் பேருந்துக் காசு, மாலையில் பள்ளிக் கணினி அறையைத் திறந்துவைக்க ஒரு ஆள்: இவ்வளவுதான் செலவு. ஒரே நிபந்தனை, அரசு முதலிலேயே கட்ட வேண்டும். கட்டிவிட்டு ரசீதைக் கொண்டு வா என்றால் கரிமூட்டக் கூலியில் அது நடக்காது.

கல்லூரித் தோழர்களே, உங்கள் பஞ்சாயத்தின் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள்: நம் மாவட்டத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் எத்தனை பேருக்கு இந்த ஆண்டு உதவித்தொகை வந்தது, எந்த மாதத்தில் வந்தது என்று.

அந்தத் தங்கைக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து பணம் கட்டிவிட்டோம். நேற்று அவளுடைய வகுப்பிலிருந்து இன்னும் மூன்று பேர் போன் செய்தார்கள்.