வாடை வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்

"ஏம்மா, வயர் கருகுற வாடை வருதே, உனக்கு வரலையா?"

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் இரவு விமானம். சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த என் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார், 22ஆவது வரிசையில் இருந்த அம்மா. மகளின் பிரசவத்துக்காக முதல்முறை விமானம் ஏறியவர். அவர் தலைக்கு மேலிருந்த பெட்டியின் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

ஒருவர் இன்டர்காமில் கேப்டனுக்குச் சொன்னார். இன்னொருவர் சுற்றியிருந்தவர்களை எழுப்பி முன்பக்கம் அனுப்பினார். நான் புகைக் கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, தீயணைப்பானின் முனை நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து ஹாலான் அடித்தேன். கதவை விரியத் திறந்தால் காற்று கிடைத்துத் தீ எழும்பிவிடும். உள்ளே யாரோ ஒருவரின் முதுகுப்பையில் பவர் பேங்க் உப்பி வெடித்திருந்தது. லித்தியம் பேட்டரியில் சுடர் அணைந்தால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. சூடு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவி மறுபடி பற்றும். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அது குளிரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

எல்லாம் அடங்கிய பிறகு அந்த அம்மா சொன்னார்: "அஞ்சு நிமிஷமாவே வாடை வந்துச்சும்மா. நீங்க வேலையா இருந்தீங்க. திட்டுவீங்களோன்னு பேசாம இருந்துட்டேன்."

பத்தொன்பது ஆண்டு பறந்துவிட்டு இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை.

1983 ஜூன் 2 அன்று டல்லஸிலிருந்து டொராண்டோ சென்ற ஏர் கனடா விமானத்திலும், ஏதோ வாடை வருகிறது என்று முதலில் சொன்னவர் கடைசி வரிசைப் பயணிதான். பின்பக்கக் கழிவறையில் புகை. பணியாளர்கள் பயணிகளை முன்னால் நகர்த்தினார்கள். மூக்கில் வைத்துக்கொள்ள ஈரத்துண்டு கொடுத்தார்கள். இறக்கைப் பக்கக் கதவுகளை எப்படித் திறப்பது என்று திடமானவர்களுக்குக் காட்டினார்கள். கேப்டன் சின்சினாட்டியில் இறக்கிவிட்டார். கதவுகள் திறந்து ஒன்றரை நிமிடத்துக்குள் கேபின் முழுவதும் தீப்பிடித்தது. 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். இன்று கழிவறையில் இருக்கும் புகை உணர்கருவியும், நடைபாதையில் வழிகாட்டும் தரை விளக்கும் அந்த விபத்துக்குப் பிறகு கட்டாயமானவை.

1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட ஸ்விஸ்ஏர் விமானத்தில் வாடையை உணர்ந்தவர்கள் விமானிகளே. ஏசியிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே கடலில் விழுந்தது. 229 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. புகைக்கும் சாவுக்கும் இடையே கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

கழிவறையில் உணர்கருவி இருக்கிறது. சரக்கு அறையிலும் இருக்கிறது. உங்கள் தலைக்கு மேலுள்ள பெட்டியில் கிடையாது. அங்கே உணர்கருவி உங்கள் மூக்குதான்.

அந்த மூக்குக்கு உரியவரின் வாயை அடைத்து வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். அன்று எங்கள் பாதுகாப்பு அறிவிப்பு அத்தனையும் ஆங்கிலத்தில். அந்த அம்மாவுக்கு ஒரு வரி புரிந்திருக்காது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானத்திலும் பாதுகாப்பு அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும். 'புகையோ கருகல் வாடையோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள்' என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். சொல்ல வருகிறவரிடம் முகம் சுளிக்காமல் நின்று கேட்பதைப் பயிற்சியின் பாடமாகவே வைக்க வேண்டும்.

பயணிகளுக்கும் சொல்கிறேன். பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். மேலே வைக்கும் பையிலும் வேண்டாம், கண்ணெதிரே வையுங்கள். புகை வந்தால் ஆக்சிஜன் முகமூடி ஏன் விழவில்லை என்று பதறாதீர்கள்; அது கேபின் காற்றையும் கலந்துதான் கொடுக்கும், புகை உள்ளே போவதைத் தடுக்காது. குனிந்து, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். இறங்கச் சொன்னால் பையை விட்டுவிட்டு இறங்குங்கள்.

வாடை வந்தால் தலைக்கு மேலுள்ள பெல்லை அழுத்துங்கள். யாரும் வரவில்லையென்றால் சத்தம் போட்டே கூப்பிடுங்கள். நூறு முறை அது ஒன்றுமில்லாமல் போகட்டும், பரவாயில்லை. நூற்றியோராவது முறையும் நாங்கள் ஓடி வருவோம்.