மாட்டியே கிடக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது

"டேப்பா? அதெல்லாம் எந்தக் காலத்துச் சமாச்சாரம் சார்! நாலு டிபியில் ஒரு எக்ஸ்டர்னல் வாங்கி மாட்டிவிடுங்கள், போதும்." கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வருகிறவர் சொல்கிறார், கணக்கர் தலையாட்டுகிறார், செலவு சில ஆயிரத்தோடு முடிந்ததில் முதலாளிக்கும் நிம்மதி. தமிழ்நாட்டில் எத்தனையோ அலுவலகங்களின் பல வருடக் கணக்கு வழக்கு இந்த ஒற்றை ஆலோசனையை நம்பித்தான் கிடக்கிறது. இந்த ஆலோசனை தவறு. தரவைச் சேமிக்கும் காந்த நாடாவான டேப் வழக்கொழிந்துவிட்டது என்பது அதில் ஒரு பொய். டிஸ்க்கை மாட்டிவிட்டால் பேக்கப் முடிந்தது என்பது அதைவிட ஆபத்தான பொய்.

அந்த எக்ஸ்டர்னல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சர்வர் என்று பெயர் வைத்திருக்கும் கணினியின் பின்னால், அதே மேசையில், இரவும் பகலும் கேபிளோடு இருக்கிறது. டாலி டேட்டா டி டிரைவில். அதன் நகல் எஃப் டிரைவில். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே நுழைந்தால் அதற்கு டி என்றும் எஃப் என்றும் பேதம் கிடையாது. கண்ணில் படும் டிரைவ்களை வரிசையாகப் பூட்டிக்கொண்டு போகும். 2017 மே மாதம் உலகைச் சுற்றிவந்த வானாக்ரை என்ற ரான்சம்வேர், கணினியில் மாட்டியிருந்த வெளி டிரைவ்களையும் நெட்வொர்க் வழியாக எட்டிய கணினிகளையும் விட்டுவைக்கவில்லை. அது மட்டுமா? மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்து கருகும். திருடன் வந்தால் இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவான். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது, தரைத்தளத்து அலுவலகங்களில் அசலையும் நகலையும் தண்ணீர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. பீரோ சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே கொத்தில் கோத்து வைப்பதைத்தான் நாம் பேக்கப் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய இடங்களில் நடந்ததைப் பார்த்தாவது பாடம் படிக்கலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டிபி தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. புறநோயாளிப் பதிவிலிருந்து ஆய்வகச் சீட்டு வரை பேனாவும் தாளுமாக நடந்தன. மருத்துவமனையின் இ-ஹாஸ்பிடல் மென்பொருளில் இருந்த தரவு மீண்டது எப்படி? தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் மிஞ்சியிருந்ததால். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2017 ஜூனில், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை நாட்பெட்யா என்ற தீம்பொருள் தாக்கியது. நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்பதை நிர்வகிக்கும், உலகம் முழுதும் பரவிக் கிடந்த அந்த நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன, அத்தனையும் அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்தது மட்டும் தப்பியது. அங்கே மின்வெட்டு, ஆகவே தாக்குதலின்போது அது நெட்வொர்க்கில் இல்லை. அந்தத் தரவை இணையத்தில் அனுப்ப நேரம் போதாமல், ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி விமானத்தில் கையோடு கொண்டுபோனார்கள்.

எத்தனை நகல் என்பதை நாம் எண்ணிக்கொண்டே இருக்கிறோம். கணினிக்கு எட்டாத நகல் எத்தனை என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு டேப் சரியான பதில் வைத்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் கூகுள் ஒரு மென்பொருள் மாற்றம் செய்தபோது ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் மறைந்தன. பல டேட்டா சென்டர்களில் நகல்கள் இருந்தும் பிழை அவற்றையும் தொட்டது. கடைசியில் டேப்பிலிருந்துதான் மீட்டார்கள். டேப் ஆஃப்லைனில் இருப்பதால் இப்படிப்பட்ட பிழைகள் அதைத் தொடுவதில்லை என்று கூகுளே காரணம் சொன்னது. இன்றும் ஜெனீவாவில் செர்ன் ஆய்வகம் தன் இயற்பியல் சோதனைத் தரவுகளை டேப்பில்தான் வைக்கிறது. இன்று அலுவலகங்களுக்கான டேப் வகை எல்டிஓ. 2000இல் அதன் முதல் கேட்ரிட்ஜ் வந்தபோது அதன் கொள்ளளவு 100 ஜிபி; 2021இல் வந்த எல்டிஓ-9 பிடிப்பது 18 டிபி. உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் அரை அங்குல அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நாடா. செத்துப்போன தொழில்நுட்பம் இப்படி வளராது.

டேப்புக்குக் கெட்ட பெயர் வந்ததில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. தொண்ணூறுகளில் நம் அலுவலகங்களுக்கு வந்தது பெரும்பாலும் டாட் வகை. பாட்டுப் பதிவுக்காகப் பிறந்து தரவுக்கு மாறிய மெல்லிய நாலு மில்லிமீட்டர் நாடா. சுழலும் ஹெட் தேயும், ஹெட் அழுக்காகும், ஒரு டிரைவில் எழுதியதை இன்னொன்று படிக்க மறுக்கும். அதோடு மல்லாடியவர்களுக்கு டேப் என்றாலே கசப்பு. ஆனால் எல்டிஓ அந்த வம்சமே இல்லை. அதன் டிரைவ் எழுதிய கையோடு அதே ஓட்டத்தில் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. தவறினால் மறுபடி எழுதுகிறது. நாம் விண்டோஸில் காப்பி போட்டு நகர்கிறோமே, அதில் இந்தச் சோதனை கிடையாது.

டிஸ்க்கின் பெரிய பலவீனம், பதிவும் எந்திரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பது. மோட்டார், ஹெட், சர்க்யூட் போர்டு, இவற்றில் எது போனாலும் தரவும் கூடவே போகும். சுழலும் தட்டுக்கு மேலே ஹெட் மிதக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். மேசையிலிருந்து தவறி விழுந்தால் கதை முடிந்தது. கேட்ரிட்ஜில் மோட்டாரே இல்லை. டிரைவ் பழுதானால் வேறு டிரைவில் போட்டுப் படிக்கலாம். ஐந்து வருடம் அலமாரியில் கிடந்த எக்ஸ்டர்னல் சுற்றும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எல்டிஓ கேட்ரிட்ஜுக்கு, முறையாக வைத்தால், 30 ஆண்டு வரை ஆயுள் சொல்கிறார்கள்.

அந்த 'முறையாக' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடலோர ஊரின் புழுக்கத்தில் சாதாரண மர அலமாரியில் டேப்பை வைத்தால் அது காசை வீணாக்குவதுதான். குளிர்ந்த, ஈரம் குறைந்த அறை வேண்டும். டிரைவ் விலை லட்சங்களில். எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 வரைதான் படிக்கும், அதற்கு முந்தையதைத் தொடாது. ஆகவே சில ஆண்டுக்கொருமுறை பழைய டேப்புகளைப் புதியதற்கு மாற்றும் வேலையும் உண்டு. ஒரே ஒரு கோப்பு அவசரமாக வேண்டுமென்றால் டிஸ்க்தான் வேகம்.

அதனால் பத்துப் பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கோ துணிக்கடைக்கோ நான் டேப் வாங்கச் சொல்ல மாட்டேன். மூன்று எக்ஸ்டர்னல் வாங்குங்கள். மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நகல் ஏறி முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள். ஒன்றாவது எப்போதும் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மருத்துவமனை, அச்சகம், வீடியோ ஸ்டுடியோ, கூட்டுறவு வங்கி என்று பல டிபி சேர்ந்துபோய், ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டிய இடங்கள் டேப்பைத் தயங்காமல் வாங்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013 கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுக்குக் காக்கச் சொல்கிறது. மின்னணுக் கணக்கின் நகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் ஏற வேண்டும் என்று 2022இல் விதியையும் திருத்திவிட்டார்கள். அந்தச் சர்வர் நகலும் நெட்வொர்க்கில் இருப்பதுதான். சட்டத்துக்கு அது போதும். உங்களைக் காப்பாற்ற, கழற்றி எடுத்து வைத்த இன்னொன்று வேண்டும்.

கடைசியாக அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்க்கோ டேப்போ, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பார்த்த நாள் எது என்று உங்கள் சிஸ்டம் ஆளைக் கேளுங்கள். அவர் தேதி சொல்ல முடியாவிட்டால் உங்களிடம் பேக்கப் இல்லை. இந்த வாரமே, மூன்று மாதத்துக்கு முந்தைய நகல் ஒன்றை எடுத்து, வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்யச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.