வீடு பார்க்கப் போனால் ‘ஏன்’ என்று கேளுங்கள்!



கிரகப்பிரவேசப் பத்திரிகை ஒன்று வந்துவிட்டால் போதும், எனக்கு இருப்பே கொள்ளாது. சாப்பாடு அப்புறம், முதலில் வீட்டைச் சுற்றிப் பார்க்கணும். அடுக்களை மேடை என்ன உயரம், பூஜை அலமாரி எந்தப் பக்கம், ஜன்னல் திரை என்ன நிறம் என்று எல்லாவற்றையும் மனசில் முடிந்துகொண்டு வருவேன். வந்ததும், “இதை நம்ம வீட்டில் எங்கே வைக்கலாம்?” என்று ஆரம்பித்துவிடுவேன். உங்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இருப்பீர்கள்.

நாலு வீட்டைப் பார்த்து நம் வீட்டை அழகுபடுத்திக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் பார்ப்பதற்கும் ஒரு விதம் இருக்கிறது. அதை நான் வலியோடுதான் கற்றுக்கொண்டேன். வலி எனக்கில்லை, என் மாமியாருக்கு. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பளபளப்பில் மயங்கினேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் நாத்தனார் மகள் புது வீடு கட்டிக் குடிபோனாள். தரை என்றால் அப்படி ஒரு தரை! குனிந்து பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலப் பளபளப்பு. அன்று முழுக்க என் கண் அதிலேயே இருந்தது.

இலுப்பூரில் எங்கள் வீடு என் மாமனாரின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, நடுவில் சின்ன முற்றம், பின்கட்டில் அடுக்களை, அதற்கு அப்பால் குளியலறை. தரையெல்லாம் பழைய சிவப்பு சிமெண்டு. திருச்சியிலிருந்து வந்த நாளாய் நச்சரித்து நச்சரித்து, பின்கட்டு முழுக்க, குளியலறை வாசல் வரைக்கும் அதே பளபளப்பு டைல்ஸ் போட வைத்துவிட்டேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிகாலை. அத்தை கால் கழுவிவிட்டு உள்ளே வந்தாங்க. ‘தொப்’பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வலது கையை ஊன்றியபடி விழுந்து கிடக்கிறாங்க. மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. தலை வாரிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டி... அந்த ஆறு வாரத்தில் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லணுமே! “வயசானா விழுகுறதுதான் ஆத்தா, நீ என்ன செய்வ?” என்று எனக்கே ஆறுதல் சொன்னாங்க.

கை சேர்ந்துவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. பின்கட்டில் கால் வைத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாங்க. கொஞ்ச நாளில் அடுக்களைப் பக்கம் வருவதையே விட்டுட்டாங்க. நாற்பது வருஷம் ஆண்ட அடுக்களை, சகோதரிகளே! மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் வலு குறைந்துகொண்டே போகும். இளவயதில் முழங்கால் சிராய்ப்போடு போகிற வழுக்கல், அந்த வயதில் எலும்பு முறிவாகிவிடும். இது எனக்கு அப்போது தெரியாது.

மறுபடி ஒரு கட்டட யோசனை

இந்த வருஷம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. முற்றத்தை மூடி கான்கிரீட் போட்டு, திண்ணையை இடித்து, முன்பக்கத்தைப் பெரிய கூடமாக்கிவிடலாம் என்று இவர் கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்தும் பார்த்துவிட்டார். அத்தை திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாங்க, பேசவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான், “இடிக்கிறதுக்கு முன்னால நாலு நல்ல வீட்டைப் பாத்துட்டு வருவோம்மா. இந்தத் தடவை அப்பத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போவோம்” என்றாள். புதுக்கோட்டை, திருமயம் வழியாக கானாடுகாத்தானுக்குக் கிளம்பினோம்.

நகரத்தார் வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லணுமா? பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வணிகம் செய்தவர்கள், பெரும்பாலும் 1850-லிருந்து 1940-கள் வரைக்கும் கட்டிய வீடுகள். தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து என்று கப்பலில் வந்து இறங்கியவை. யுனெஸ்கோ அமைப்பின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் செட்டிநாட்டு ஊர்களும் இடம்பெற்றன. எல்லா வீட்டுக்குள்ளும் போய்விட முடியாது. நிறைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. ‘விசாலம்’ என்ற வீடு ஒரு தகப்பனார் தன் மூத்த மகளுக்காகக் கட்டியதாம்! கேட்கவே மனசு நிறைந்தது.

ஒரு வீட்டில் காவலுக்கு இருந்த அம்மா எங்களை உள்ளே விட்டாங்க. முகப்பில் நின்று பார்த்தால், வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோடு. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே காற்று வாசலுக்கு வாசல் ஓடுகிறது. சுவரில் கன்னத்தை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது.

நானும் மகளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்: மரவேலை, தூண், கண்ணாடி. அத்தை மட்டும் கீழேயே பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தாங்க. வளவு ஓரத்தில் நின்று, ஒரு காலைத் தாழ்வாரத்திலும் ஒரு காலை முற்றத்திலும் வைத்துப் பார்த்தாங்க.

“பாத்தியா ஆத்தா? மழை விழுகுற எடத்துல சொரசொரன்னு கருங்கல்லு. மனுசரு உக்காருற எடத்துல மட்டும் வழவழன்னு போட்டிருக்காக. தெரிஞ்சுதான் கட்டியிருக்காக.”

எனக்குச் சுருக்கென்றது. திருச்சியில் நான் பளபளப்பை மட்டும் பார்த்தேன். அங்கே குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம், அங்கே தண்ணீர் எங்கே சிந்தும், எப்போது துடைப்பார்கள் என்று பார்க்கவே இல்லை. அது நடுவயதுக்காரர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடு. என் வீட்டில் எழுபது தாண்டியவர் ஒருவர் தினமும் நாலு தடவை ஈரக்காலோடு நடக்கிறார். அந்த வீட்டின் பொருளைக் கொண்டுவந்தேன். அது ஏன் அங்கே பொருந்துகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

ஆத்தங்குடிக் கல்

பக்கத்தில்தான் ஆத்தங்குடி. கல் செய்வதைப் பார்த்தோம். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டத்தையும் பூ வடிவ அச்சையும் வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செய்து, காயவிட்டு, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரியும்போதே அந்த மினுமினுப்பு வந்துவிடுகிறது. கையால் ஊற்றுவதால் ஒரு பூவைப் போல இன்னொன்று இருக்காது, கோலம் மாதிரி!

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இது சிமெண்டுக் கல், ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரித்துவிடும். மெருகுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எண்ணெய் வேண்டாம். வெறும் தண்ணீரில் துடைத்தாலும், நடக்க நடக்க மெருகு தானே வரும்.

முற்றம் இல்லாதவர்களுக்கு

“இதெல்லாம் அரண்மனை வீட்டுக் கதை, நாங்கள் இருப்பது அடுக்குமாடி” என்கிறீர்களா? இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) கொழும்பில் ஒரு சந்தில் இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துத் தன் வீடாக்கிக்கொண்டார். செட்டிநாட்டுப் பழைய தூண்கள்கூட அங்கே உண்டு. ஆனால் அதன் அழகு தூணில் மட்டும் இல்லை. நீள நடையின் இருட்டில் அங்கங்கே சின்னதாய்க் கூரையைத் திறந்துவிட்டு, வெளிச்சம் வந்து விழும்படி செய்திருக்கிறாரே, அதில் இருக்கிறது. நாம் கூரையைத் திறக்க முடியாது; ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்தலாம் அல்லவா? அதுவே பாதி அலங்காரம்.

சென்னைச் சகோதரிகள் முட்டுக்காட்டில் 1996-ல் தொடங்கிய தட்சிணசித்ராவுக்குப் போய் வாருங்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டோடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று சாதாரணக் குடும்பங்களின் வீடுகளும் அங்கே உண்டு. நமக்குப் பாடம் அதில்தான் அதிகம்.

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவை

வீடு பார்க்கப் போகும்போது இனி நான் கேட்கும் கேள்விகள் இவைதான்:

1. இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? குழந்தை, வயதானவர், கர்ப்பிணி உண்டா?

2. தண்ணீர் எங்கே சிந்துகிறது, அங்கே தரை எப்படி? ஈரக்காலோடு நடந்து பாருங்கள்.

3. பகலில் விளக்குப் போடாமல் எங்கே உட்கார்ந்து அரிசி பொறுக்கலாம்?

4. காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது?

5. இதைத் துடைக்க, தூசி தட்ட தினமும் எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் செய்வது யார்?

கூடவே ஒரு இஞ்ச் டேப்பும் கொண்டுபோங்கள். கண் அளவு ஏமாற்றும். வீட்டுக்காரரைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் செய்தது

வந்ததும் இவரிடம் சொன்னேன், “முற்றம் இருக்கட்டும்.” “ஊரெல்லாம் மாடி கட்டுது, நீ முற்றத்தைக் கட்டிக்கிட்டு அழு” என்றார். ஆனால் கணக்குப் போட்டுக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார். கான்கிரீட் செலவில் பாதிகூட ஆகவில்லை.

முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை போட்டோம். மழைத் தண்ணீர் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைச் சட்டமே கட்டாயமாக்கியதே, அதை அந்தக் காலத்து வீட்டு முற்றங்கள் முன்பே செய்துகொண்டிருந்தன. ஆனால் தொட்டியை இறுக மூடணும். டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகும்.

திண்ணை தப்பியது. கானாடுகாத்தானில் எத்தனையோ அழகான திண்ணைகள் ஆள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்தபிறகு, சாயங்காலம் அத்தையின் சிநேகிதிகள் நாலு பேர் வந்து உட்காரும் எங்கள் திண்ணையை இடிக்க எனக்கு மனசு வரவில்லை.

முன் நடையில் மட்டும், எட்டுக்குப் பத்தடி இடத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்தோம். 10 அங்குலக் கல்லில் சுமார் 116 வேண்டும். வெட்டுப்பட, உடைபட என்று 125 வாங்கினோம். என் அழகு ஆசைக்கு அது போதும்.

முக்கியமான வேலை பின்கட்டில். குளியலறை வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் நான் ஆசைப்பட்டுப் போட்ட பளபளப்பு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, சொரசொரப்பான கல் போட்டோம். சுவரில் பிடித்து நடக்க இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி, இரவு முழுக்க எரிய ஒரு சின்ன விளக்கு. பெயர்க்கும்போது வந்த பக்கத்து வீட்டக்கா, “போட்டு மூணு வருசம்கூட ஆகலையே!” என்று அங்கலாய்த்தாங்க. உளி அடி ஒவ்வொன்றும் என் தலையில் விழுந்த மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் நின்று பார்த்தேன்.

கல் காய்ந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் நான் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் காலடிச் சத்தம். அத்தை. கை சுவரிலும் இல்லை, கம்பியிலும் இல்லை. நேராக வந்து அலமாரியிலிருந்து அஞ்சறைப்பெட்டியை எடுத்தாங்க.

“நகரு ஆத்தா, ரசம் நான் வைக்கிறேன். ரெண்டு வருசமா நீ வைக்கிற ரசத்தைக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு.”

நான் நகர்ந்து நின்றேன். அவங்க இப்படி என்னைக் குறை சொல்லி எவ்வளவு நாளாச்சு!

உங்கள் ஊரிலும் அழகான வீடுகள் இருக்குமே, பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.