விளையாட்டு என்ன பாவம் செய்தது?



போன வாரம் தாரமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு மகன் முறையாகும் ஒருத்தன், "கவர்மெண்ட் ஸ்கூல்ல இப்ப பாட்டும் விளையாட்டும்தானுங்க பெரியப்பா, எழுத்து எங்க சொல்லித்தர்றாங்க?" என்றான். பந்தியே சிரித்தது. இலை முன்னால் சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன்.

அவன் மகள் யு.கே.ஜி. அ முதல் ஔ வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அன்று சாயங்காலம் அவள் புத்தகத்தில் 'ஏ' மேல் விரல் வைத்துக் கேட்டேன். முழித்தாள். பிறகு வாய்க்குள்ளேயே 'அ'வில் தொடங்கி ஓட்டிக்கொண்டு வந்து 'ஏ' என்றாள். குழந்தை மேல் தப்பில்லை. ஆனால் அதற்குப் பெயர் வாசிப்பு இல்லையப்பா, மனப்பாடம்.

நானும் குச்சியோடு அப்படித்தான் ஒப்பிக்க வைத்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்தும் மேச்சேரி பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்ட பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள்தான். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் எங்கள் பக்கமும் வந்தது. அட்டையும் தட்டும் ஏணிப்படியும் வந்து இறங்கியபோது நானும் கேலி செய்தேன். பிறகு சும்மா ஒரு நாள் தரையில் சில்லுக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாகக் கெ, கே, கை, கொ, கோ எழுதினேன். சில்லு விழுந்த கட்டத்தின் எழுத்தில் ஒரு சொல் சொன்னால்தான் தாண்டலாம். கொம்பு ஒற்றையா இரட்டையா, பக்கத்தில் கால் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். நான் கத்திக் கத்திச் சொன்னபோது ஒருத்தனும் அப்படிப் பார்த்ததில்லை. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வெல்ல ஆலை பழக்கம். 'வெல்லம்', 'வெள்ளம்' இரண்டு அட்டையையும் கவிழ்த்து வைத்து, "எதைப் பாலில் போடலாம்?" என்பேன். தப்பான அட்டையை எடுத்தவன் அதற்குப் பிறகு ல, ள மாற்றிப் படித்ததே இல்லை.

எல்லா விளையாட்டையும் நான் தாங்கிப் பேசவில்லை. எழுத்தைப் பார்க்காமலே ஒரு பிள்ளை ஜெயிக்க முடிந்தால் அது வெறும் கூச்சல். அப்படிப்பட்டதும் நடக்கிறது, மறைக்க மாட்டேன்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து ஆரம்பிப்பது. நல்ல யோசனை. ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைப் பார்த்துக்கொண்டு, செல்போனில் விவரமும் ஏற்றிக்கொண்டிருந்தால் சில்லு எப்போது போடுவார்? பந்தியில் சிரித்தவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போய் இதைக் கேளுங்கள்.

அந்தத் தம்பிக்கு: ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை வீட்டுக்குக் கூட்டி வா. திண்ணைக்கு முன்னால் கட்டம் போட்டு வைக்கிறேன். நீயும் ஆடிப் பார்.