முடுக்கமும் முடுக்கும்

திருநெல்வேலித் தமிழில் 'முடுக்கு' என்றால் வீடுகளுக்கிடையே செல்லும் குறுகிய சந்து. அங்கிருந்து வந்து தாராவியில் வேரூன்றிய குடும்பங்களிடையே இச்சொல் இன்றும் வழங்குகிறது. இயற்பியல் நூல்களிலோ 'முடுக்கம்' என்பது திசைவேகம் மாறும் வீதம். அதை அளக்கும் கருவி முடுக்கமானி. இரு சொற்களுக்கும் வேர் ஒன்றா என்பது வேறு விவாதம். தாராவியின் முடுக்குகள் அடுக்குமாடிகளாக மாறவிருக்கும் இவ்வேளையில் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

நுண்ணிய, தொலைதூர அதிர்வுகளுக்கென அமைந்த நிலநடுக்கமானியின் பதிவு, பெரிய நடுக்கம் அருகில் நேர்ந்தால் அளவெல்லையைத் தாண்டி அறுபட்டுவிடும். வலுவான அசைவை அளக்க முடுக்கமானியே வேண்டும். அதன் தத்துவம் எளிது. ஒரு சட்டத்துக்குள் வில்லில் பிணைத்த சிறு நிறை இருக்கிறது. தரை அசையும்போது சட்டம் உடன் நகர, நிறை தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. வில் போதிய விறைப்புடன் இருந்தால், அந்தப் பின்தங்கல் தரையின் முடுக்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். அந்த முடுக்கத்தை நிறையால் பெருக்கினால் கிடைப்பது விசை. கட்டடம் தாங்க வேண்டியது அதைத்தான்.

இக்கருவியின் அருமையை உலகுக்கு உணர்த்திய பதிவுகளுள் ஒன்று நம் மாநிலத்தைச் சேர்ந்தது. 1967 டிசம்பர் 11 அன்று, மும்பையிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவிலுள்ள கொய்னாவில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்தனர். அணைக்குள் பொருத்தப்பட்டிருந்த முடுக்கவரைவி, ஈர்ப்பு முடுக்கத்தின் 0.63 மடங்கு வரை பதிவு செய்தது. அணையோ 0.05 மடங்குக்கே வடிவமைக்கப்பட்டிருந்தது. அணை விரிசலுற்றும் நின்றது, பின்னர் வலுப்படுத்தப்பட்டது. அந்தப் பதிவைக் கொண்டே இன்றும் உலகெங்கும் அணைக் கணிப்புமுறைகள் சோதிக்கப்படுகின்றன. கருவி அங்கே இல்லாதிருந்தால், கணக்கு எவ்வளவு பிழைத்தது என்பதே நமக்குத் தெரிந்திராது.

தொலைவு மட்டுமே காப்பு ஆகாது. 1985இல் மெக்சிகோ நகரம் நடுக்கத்தின் மையத்திலிருந்து 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்தது. ஆயினும் பழைய ஏரிப்படுகையின் மென்களிமண்ணில் பதிவான முடுக்கம், அதே நகரின் பாறைத்தரையில் பதிவானதைப்போல் நான்கைந்து மடங்கு. களிமண்ணின் அலைவு நேரமும் நடுத்தர உயரக் கட்டடங்களின் அலைவு நேரமும் ஒத்துப்போனதால் அவையே மிகுதியாகச் சரிந்தன. 2001இல் புஜ் நடுக்கத்தின்போது, 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் வீழ்ந்தன.

தாராவி, மித்தி ஆற்றோரச் சதுப்பை மேடாக்கி எழுந்த குடியிருப்பு. சில கி.மீ. தள்ளிச் செம்பூருக்கு அப்பால் ட்ராம்பேயின் எரிமலைப் பாறைக் குன்று நிற்கிறது. பாறையில் ஒன்று, மாட்டுங்காவில் ஒன்று, தாராவிச் சேற்று மண்ணில் ஒன்று என மூன்று முடுக்கமானிகளை நிலையாகப் பதித்தால், கொய்னாப் பகுதியின் சற்றே பெரிய அதிர்வு ஒவ்வொன்றும் ஓர் இலவசப் பரிசோதனையாகும். எந்த மண் எத்தனை மடங்கு பெருக்குகிறது, எந்த அலைவு நேரத்தில் பெருக்குகிறது என்பதை அடித்தளம் தோண்டுமுன்பே அறியலாம்.

"கைபேசியிலேயே முடுக்கமானி உள்ளதே" என்று கேட்கக்கூடும். உண்மைதான், அதைக் கொண்டே நிலநடுக்க எச்சரிக்கையும் தரப்படுகிறது. ஆனால் சட்டைப்பையிலுள்ள கருவி தரையோடு பிணைந்ததன்று. மேலும், மண்ணின் இயல்பை அறிய உதவும் மெல்லிய அதிர்வுகள் அதன் சொந்த இரைச்சலிலேயே அமிழ்ந்துவிடும்.

கட்டட விதிகள் மண்ணை வன்மை, நடுத்தரம், மென்மை என வகைப்படுத்துகின்றன, அது வேண்டியதே. ஆனால் வகைப்பாடு அளவீட்டுக்கு ஈடாகாது. மறுசீரமைப்பு விவாதங்களில் சதுர அடி பேசப்படுகிறது, தகுதி பேசப்படுகிறது. காலடி மண் பேசப்படுவது அரிது. கருவி பதிக்கப்பட வேண்டும். அதன் தரவு குடியிருப்போருக்கும் மாணவர்க்கும் திறந்திருக்கவும் வேண்டும். முடுக்கில் வாழ்ந்தவர்கள் முப்பதாவது மாடிக்குப் போகுமுன், தம் மண் எப்படி அசையும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.