குருட்டுப் பாம்பும் மந்திரக்காரனும்

ஆலங்காயத்தைச் சுற்றிலுமுள்ள ஜவ்வாது மலையடிவாரத்துக் கிராமங்களில், மழை விட்டதும் எருக்குழியிலும் பூந்தொட்டியடியிலும் மண்புழுவைப் போன்ற ஒரு கரிய ஜந்து நெளிவதைப் பார்க்கலாம். அது புழுவல்ல, பாம்பு. குருட்டுப் பாம்பு என்பார்கள். தூங்குகிறவன் காதில் நுழைந்துவிடும் என்று பயந்து செவிப்பாம்பு என்பாருமுண்டு. வால் நுனியிலிருக்கும் சிறு முள்ளைக் கண்டு, அது கொட்டினால் ஆள் பிழைக்கமாட்டான் என்றுஞ் சொல்லுகிறார்கள்.

உண்மை என்ன? நீளம் பெரும்பாலும் அரை அடிக்குங் குறைவு. மனிதனுக்கு இதனால் ஒரு கெடுதியுமில்லை. அந்த முள் மண்ணில் ஊன்றி முன்னே செல்வதற்கேயாகும். கண்கள் செதிலுக்கடியில் இரண்டு புள்ளிகள். இருட்டும் வெளிச்சமும் மாத்திரமே அவற்றிற்குத் தெரியும். எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் புழுவுமே ஆகாரம். ஆகவே குடியானவனுக்கு இது சிநேகிதனேயொழியச் சத்துருவல்ல.

இன்னொரு வேடிக்கை. இந்த இனத்தில் சோதித்துப் பார்த்தவையெல்லாம் பெண்களே. ஆணின்றியே முட்டையிட்டு வம்சத்தைப் பெருக்குகின்றன. ஒன்றே ஒன்று தொட்டி மண்ணில் ஒளிந்து கப்பலேறினாலும் போதும், போன தேசத்தில் குடும்பம் பெருகிவிடும். ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை பரவியது இப்படித்தான். புருஷனில்லாமல் பெண்ணுக்குக் கதியில்லை என்று உபதேசிக்கும் பண்டிதர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். விசாகப்பட்டினத்தில் கிடைத்த இந்த ஜந்துவுக்கு 1803-இல் பிரெஞ்சுக்காரரான தோதேன் வைத்த பெயர் "பிராமினஸ்" என்பதாகும். மண்ணுக்கடியில் கறையான் தின்பதையுங்கூட ஜாதி விட்டபாடில்லை!

நிற்க. இந்தப் பயம் சிரிப்புக்கு மாத்திரம் உரியதானால் நாம் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. இப்பாம்பை மிதித்தவன் மந்திரிக்க ஓடுகிறான். விஷமில்லாததால் மறுநாள் எழுந்து நடமாடுகிறான். காணிக்கையும் புகழும் மந்திரக்காரனுக்குப் போய்ச் சேருகின்றன. அடுத்த மாதம் தரையில் படுத்துறங்கும் கூலிக்காரனைக் கட்டுவிரியன் கடிக்கிறது. அதிக வலியில்லை, வீக்கமுமில்லை. "அன்றைக்குப் பிழைக்கவைத்தாரே" என்று அதே வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றவேண்டிய நேரமெல்லாம் வேப்பிலையில் கழிந்து, விடிவதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இறந்தவர்களில் மிகுதியானோர் கிராமத்தார். பாம்புக்கடிகளைக் கட்டாயம் அரசாங்கத்திற்கு அறிவிக்கவேண்டுமென்று தமிழ்நாட்டில் 2024-இல் உத்தரவாயிற்று. நல்லதுதான். ஆஸ்பத்திரிக்காரர் அறிவிப்பார், மந்திரக்காரன் வாசலில் செத்தவனை யார் அறிவிப்பது?