நிற்பவர்களுக்கும் ஓர் இருக்கை

தன்தேரஸ் நாளில் தில்லியின் கடைவீதிகளுக்குச் சென்று வந்தவர்களுக்கு அந்த நெரிசலைப் பற்றி எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கரோல் பாக், லஜ்பத் நகர், சரோஜினி நகர் என எங்கு திரும்பினாலும் மனிதத் தலைகள். முன்பின் தெரியாதவர்களிடம் பொறுமையாகவும் கனிவாகவும் நடந்துகொள்ளுங்கள் என்ற அறிவுரை ஆண்டுதோறும் இந்த வேளையில் கூறப்படுவதுண்டு. முதியவருக்கு வழிவிடுவதும், கூட்டத்தில் தவறிய குழந்தையைப் பெற்றோரிடம் சேர்ப்பதும் நல்ல காரியங்களே. ஆனால், பண்டிகைக் காலத்தில் நாம் அதிக நேரம் முகம் பார்த்துப் பேசும் அந்நியர், கடையில் நமக்குத் துணி எடுத்துக் காட்டும் சிப்பந்திதான். காலையில் கடை திறந்தது முதல் இரவில் கதவு சாத்தும் வரை அவர் நின்றுகொண்டே இருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேர் கண்ணில் படுகிறது?

சாந்தினி சௌக்கின் பழைய ஜவுளிக்கடைகளில் நிலைமை வேறு. வெள்ளை விரிப்பிட்ட மெத்தையில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணமிட்டு அமர்ந்தே பேரம் பேசுகிறார்கள். நம் ஊர்களிலும் பாய் விரித்து வியாபாரம் செய்த ஜவுளிக்கடைகள் இருந்தன. நெடிய மேசைகளும் கண்ணாடி அலமாரிகளும் வந்தபோது வாடிக்கையாளருக்கு மெத்தை தைத்த முக்காலி கிடைத்தது. சிப்பந்திக்கு இருந்த இடமும் போயிற்று. கால் வீக்கம், நரம்பு சுருண்டு புடைத்தல், முதுகுவலி ஆகியவை அதன் பின்விளைவுகள். விற்பனைப் பிரிவில் பெரும்பாலும் பெண்களே இருப்பதால், மாதவிடாய் நாள்களிலும் கருவுற்ற காலத்திலும் இந்த நிற்றல் எத்தகைய கொடுமை என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட குறையும் அல்ல. கடைப் பணிப்பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது தர வேண்டும் என்று பிரிட்டனில் 1899-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நாட்டின் ஆட்சியில் இருந்த நமக்கு அதே நியாயம் வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. தொழிற்சாலைகளைப் பொருத்தவரை, நின்று வேலை செய்வோர் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் சட்டமே கூறியது. கடைகள்தான் கண்டுகொள்ளப்படவில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தது கோழிக்கோடு. தையல் தொழிலாளியான விஜி, கடைவீதிப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுக் குரல் எழுப்பி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் மூலம் உட்காரும் உரிமைக்கான போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தினார். அதன் பயனாக 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழக சட்டப்பேரவையும் அவ்வாறே திருத்தம் கொண்டுவந்தது. பணிக்கு இடையே வாய்ப்பு கிடைக்கும்போது அமர்ந்துகொள்ள ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம்.

இப்போது மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதை ஏற்றுள்ளது. 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், நின்று பணிபுரிவோருக்கு உட்காரும் ஏற்பாட்டை நலவசதிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களையே நிறுவனம் என்று அச்சட்டம் பொதுவாக வரையறுக்கிறது. நான்கைந்து பேரை வைத்து நடக்கும் சந்துக் கடைகளில் நிற்பவரின் கால் மட்டும் வலிக்காதா, என்ன? இந்த இடைவெளியை மாநிலச் சட்டங்களால்தான் நிரப்ப முடியும். கேரளத்தையும் தமிழகத்தையும் பின்பற்றாத மாநிலங்கள் எதற்காகக் காத்திருக்கின்றன என்பது புரியவில்லை. அதிகச் செலவு பிடிக்கும் சீர்திருத்தம் என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. கேட்கப்படுவது ஒரு நாற்காலி.

சட்டம் வந்த இடங்களிலும் நாற்காலி போட்டால் மட்டும் போதாது. அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார், கேமராவில் முதலாளி பார்ப்பார் என்ற அச்சம் நீங்காதவரை அது வெறும் காட்சிப்பொருளே. ஆய்வாளர்கள் இருக்கைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், பண்டிகை நாளின் மாலை வேளையில் சென்று, அவற்றில் யாரேனும் அமர்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. முப்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் எடுக்காமல், ஒரு நன்றியும் சொல்லாமல் எழுந்து போவதும், பாதி இறக்கிய கதவுக்கடியில் குனிந்து நுழைந்து ‘ஐந்தே நிமிஷம்’ என்பதும் எந்த ஊரிலும் காணக்கூடியவை. சிப்பந்தி அமர்ந்திருந்தால் வாடிக்கையாளர் அதை அவமதிப்பாகக் கருதுவார் என்பதே கடைக்காரர்கள் கூறும் வாதம். நம் பெயரைச் சொல்லித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள். வங்கியில் உட்கார்ந்தபடி பணம் எண்ணித் தரும் காசாளரை மரியாதை தெரியாதவர் என்று நாம் யாரும் சொல்வதில்லை. அதே கடையில், கல்லாவில் முதலாளியும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.